அறுபத்தொரு கிலோ

படகின் மூக்கு மறுபடியும் வானத்தைப் பார்த்தது.

படகுக்காரர் வேகத்தைக் குறைத்தார். மூக்கு தொப்பென்று தண்ணீரில் விழுந்து, ஒரு வாளி உப்புநீரை அவர் முகத்தில் எறிந்தது. வேகத்தைக் கூட்டினார். மூக்கு திரும்பவும் எழும்பி, முன்னால் இருந்த கடல் முழுவதையும் மறைத்துக்கொண்டது. பதினெட்டு அடிப் படகின் பின்பலகையில் உட்கார்ந்துகொண்டு, எதிரே வருவது அலையா, கப்பலா, கரையா என்று தெரியாமல் ஓட்ட வேண்டியிருந்தது. ஐம்பத்தெட்டு வயதில் புதிதாகக் கற்றுக்கொள்கிற வித்தை இல்லை அது.

கழுத்தை ஒட்டகம் மாதிரி நீட்டி, ஒரு பக்கமாக எட்டிப் பார்த்துக்கொண்டே துறைமுகத்துக்குள் நுழைந்தார். இருந்தும் படகு கட்டுகிற தூணில் இடித்துவிட்டார். பக்கத்துப் படகில் வலையை உதறிக்கொண்டிருந்த தொப்பிக்காரர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி குனிந்துகொண்டார்.

அந்தக் குனிவுதான் படகுக்காரரைச் சுட்டது. இந்தத் துறைமுகத்தில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. எப்படிப்பட்ட அலையிலும் படகை மேஜை மேல் தட்டு நகர்த்துவது போலக் கொண்டுபோவார் என்பார்கள். சொல்லும்போது அவர் மறுக்க மாட்டார். தொப்பிக்காரரே பதினெட்டு வருஷமாகக் காலையில் இவர் கிளம்பும்வரை காத்திருந்து, இவர் பின்னால்தான் வருவார். பாறைகளுக்கு நடுவே உள்ள வாய்க்காலில் இவர் போகிற தடம்தான் அவருக்கும் தடம். அதைப் பற்றியும் படகுக்காரர் வெளியில் பெருமையடித்ததில்லை. வீட்டில் மட்டும் அவ்வப்போது.

வீட்டில் கேட்பதற்கு இப்போது யாரும் இல்லை. மனைவி போய் நாலு மாதம் ஆகிறது.

இருபத்திரண்டு வருஷம் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் கடலுக்குப் போனார்கள். இவர் பின்னால், இன்ஜின் கைப்பிடியோடு. அவள் முன்னால், வலையோடு. அவள் படுக்கையில் விழுந்த மாதங்களில் படகு கரையிலேயே கிடந்தது. காரியங்கள் எல்லாம் முடிந்து முதல்முறை தனியாகப் போன அன்றுதான் படகின் இந்தக் கோளாறு ஆரம்பித்தது.

மெக்கானிக்கின் கொட்டகையில் சுவர் முழுக்கப் புரொப்பல்லர்கள் தொங்கின. மெக்கானிக் டாக்டர் மாதிரிதான் விசாரிப்பார்.

"எப்பலேர்ந்து இப்படி?"

"நாலு மாசமா."

மெக்கானிக் கையிலிருந்த துணியால் வேண்டுமென்றே ரொம்ப நேரம் விரலைத் துடைத்தார்.

"அண்ணே, முன்னாடி ரெண்டு பேர் போனீங்க. இப்ப ஒரு ஆள். படகு லேசாயிடுச்சு. பழைய புரொப்பல்லர் ரெண்டு ஆளுக்குப் பாத்துப் போட்டது. இனிமே பிட்ச் கூட இருக்கறதைப் போட்டுடலாம்."

"பிட்ச்னா?"

"இறக்கையோட திருகல். ஒரு சுத்துக்குப் படகை எவ்வளவு தூரம் தள்ளுதுங்கற கணக்கு. திருகல் கூட இருந்தா ஒரே சுத்துல நிறைய தூரம். லேசான படகு அம்பு மாதிரி போகும் பாருங்க."

மறுநாள் காலை படகு அம்பு மாதிரிதான் போனது, வானத்தை நோக்கி விட்ட அம்பு. இன்ஜின், மூன்று மாடி ஏறிய ஆஸ்துமாக்காரரைப் போல முக்கியது. மூக்கு முன்பைவிட ஒரு சாண் அதிகமாக எழும்பியது. மீன் இருக்கிற இடத்துக்கு இவர் போய்ச் சேர்ந்தபோது மற்றவர்கள் வலையை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

மெக்கானிக் தாடையைச் சொறிந்தார்.

"அப்ப இது பாரம் உக்கார்ற விஷயம்ண்ணே. இன்ஜின், டேங்க், நீங்க, எல்லாம் பின்னாடி. முன்னாடி காலி. அண்ணி உக்கார்ற இடத்துல அதே அளவு எடை வெச்சா சரியாப் போயிடும். எத்தனை கிலோ இருப்பாங்க?"

படகுக்காரர் கையில் ஒரு மீனைத் தூக்கினால் நூறு கிராம் பிசகாமல் எடை சொல்லுவார். முப்பத்தொரு வருஷம் கூட வாழ்ந்தவளின் எடை தெரியவில்லை.

வீட்டுக்குப் போய் அலமாரியிலிருந்து ஆஸ்பத்திரிக் காகிதங்களை எடுத்தார். மேலே இருந்தது கடைசிச் சீட்டு. எடை என்ற இடத்தில் நாற்பத்து மூன்று என்று போட்டிருந்தது. அதைக் கவிழ்த்து வைத்தார். அடுத்தது நாற்பத்தாறு. அதற்கடுத்தது ஐம்பது. ஒவ்வொரு காகிதமாகக் கவிழ்க்கக் கவிழ்க்க, அவள் கொஞ்சம் கொஞ்சமாகச் சதை போட்டுத் தேறி வந்தாள். கட்டின் அடியில், இரண்டு வருஷத்துக்கு முன் காய்ச்சலுக்குப் போனபோது கொடுத்த சீட்டில் அறுபத்தொன்று.

அந்த நேரம் பார்த்து மகள் போனில் கூப்பிட்டாள். அவள் ஆறு மணி நேரத் தொலைவில் புருஷன், பிள்ளைகளோடு இருக்கிறாள்.

"என்னப்பா பண்றே?"

"அம்மாவோட எடையைப் பாத்துக்கிட்டிருக்கேன்."

"எதுக்குப்பா?"

"படகுக்கு," என்றார். விளக்க ஆரம்பித்து, விளக்க விளக்க அது இன்னும் மோசமாகக் கேட்பதை உணர்ந்து, சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிட்டார்.

ஒரு சாக்கில் மணலை நிரப்பி, மீன் ஏலக் கொட்டகையின் தராசில் வைத்தார்.

"என்ன மீன்ண்ணே?" என்றார் தராசுக்காரர்.

"மணல்."

தராசுக்காரர் மேற்கொண்டு கேட்கவில்லை. பெண்டாட்டி செத்தவன் எதை நிறுத்தாலும் கேட்கக் கூடாது என்று நினைத்திருக்கலாம். முள் அறுபத்திரண்டைக் காட்டியது. படகுக்காரர் ஒவ்வொரு பிடியாக அள்ளி வெளியே போட்டார்.

"ஒரு கிலோவுல என்னண்ணே வந்துடப் போகுது?"

அறுபத்தொன்றில் நிற்கும்வரை அவர் அள்ளிக்கொண்டே இருந்தார்.

மூட்டையை முன்பலகையில் உட்காரவைத்து, தார்ப்பாயைப் போர்த்தி, இடுப்பில் கயிறு கட்டினார். படகு நேராகக் கிளம்பியது. அரை மணி நேரம் அவருக்கு உலகத்தில் குறையே இல்லை. பிறகு காற்று திரும்பியது. தெறிக்கிற தண்ணீரில் தார்ப்பாய் ஒருபக்கம் விலகியது.

"இழுத்துப் போர்த்திக்கோ, நனையறே பார்," என்றார்.

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்தது. சட்டென்று திரும்பிப் பார்த்தார். வழக்கம் போலத் தொப்பிக்காரரின் படகு பின்னால் வந்துகொண்டிருந்தது. காதில் விழுகிற தூரம் இல்லை என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

மணல் குடிக்கிற ஜாதி. அறுபத்தொரு கிலோ சாக்கு, தண்ணீரைக் குடித்துக் குடித்து எண்பதைத் தாண்டியது. இப்போது மூக்கு வானத்தைப் பார்க்கவில்லை, கடலின் அடியைப் பார்க்கத் தொடங்கியது. திரும்பி வரும்போது பின்னாலிருந்து ஓர் அலை தள்ள, முன்பகுதி தண்ணீரில் குத்தி, படகு அப்படியே குறுக்கே திரும்பிவிட்டது. மூட்டையை அவிழ்த்துக் கடலில் தள்ளினால்தான் தப்பலாம் என்ற நிலை. கயிற்றை அவிழ்க்கக் கை வரவில்லை. இரண்டு அலை உள்ளே வந்த பிறகுதான் அவிழ்த்தார். அது மூழ்குவதைப் பார்க்காமல் இருக்க, இன்ஜினைப் பழுது பார்ப்பவர் போல அதையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"பிட்சைக் குறைச்சிடலாம்," என்றார் மெக்கானிக்.

"கூட்டணும்னு சொன்னது நீதான்."

"அது போன வாரம்ண்ணே. இப்ப புரிஞ்சுடுச்சு. திருகல் கம்மியா இருந்தா இழுவை ஜாஸ்தி. படகைக் கபால்னு தூக்கி மட்டமா உக்காரவெச்சுடும்."

இழுவை இருந்தது உண்மை. ஆனால் ஆள் ஒருவர் மட்டும் இருந்த லேசான படகில், குட்டைத் திருகலுக்குப் பிடிப்புக் கிடைக்காமல் இன்ஜின் அலறியது. வேகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கரையில் தூங்கிக்கொண்டிருந்த நாய்கள் எழுந்து நின்று பார்த்தன. பாதித் தூரம் போவதற்குள் பெட்ரோல் பாதியாகிவிட்டது.

"டேங்கை முன்னாடி மாத்திடலாம்," என்றார் மெக்கானிக். கொஞ்சம் தயங்கி, "ஐஸ் பெட்டியையும்," என்றும் சேர்த்துக்கொண்டார்.

டேங்க் முன்னால் போனது. குழாய் நீள வேண்டியிருந்தது, நீட்டினார்கள். இரண்டு குழாயை இணைத்த இடத்தில் எங்கோ ஊசிமுனை அளவு இடைவெளி. நடுக்கடலில் இன்ஜின் பெட்ரோலுக்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சியது. இரண்டு தும்மல் போட்டது. நின்றது.

படகுக்காரர் நாற்பது தடவை ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தார். நாற்பத்தொன்றாவது தடவைக்குத் தோளில் தெம்பில்லை. அப்போதுதான் எவ்வளவு அமைதி என்று தெரிந்தது. இன்ஜின் நின்றால் முன்பெல்லாம் இந்த அமைதி இருக்காது. பெட்ரோல் போட்டியா, வால்வைத் திறந்தியா என்று முன்னாலிருந்து கேள்வி வரும். எரிச்சலாக இருக்கும்.

தொப்பிக்காரர்தான் கயிறு கட்டி இழுத்து வந்தார். துறைமுகத்தில் எல்லாரும் பார்க்க, கட்டியிழுத்த மாடு போலத் தன் படகில் தானே பயணியாக வந்து இறங்கினார் படகுக்காரர். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

மகளுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். மறுநாள் மத்தியானம் பையோடு வந்து நின்றாள்.

"எங்ககூட வந்து இருப்பா."

"படகு?"

"அதை எங்கப்பா நிறுத்தறது? எங்க வீடு இருக்கறது மூணாவது மாடி."

"நான் வந்தா அதை யாரு பாத்துப்பா?"

"உன்னை யாரு பாத்துக்கறது? நேத்து அவர் பின்னாடி வரலன்னா என்ன ஆகியிருக்கும்?"

அவர் பெட்ரோல் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"இந்த மாசக் கடைசிவரைக்கும் பாரு," என்றாள் மகள். "அதுக்குள்ள படகு சரியாகலன்னா குடுத்துட்டுக் கிளம்பு. எனக்கு அம்மாவும் இல்ல. உன்னையும் பறிகுடுத்துட்டு நிக்க முடியாது."

"சரியாயிடும். பாரம்தான் இன்னும் சரியா உக்காரல."

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "எனக்கும்தான்பா இன்னும் உக்காரல," என்றாள்.

அவள் பஸ் ஏறிய பிறகு படகுக்காரர் யோசித்தார். மணல் தண்ணீர் குடிக்கும். டேங்க் காலியாகும். ஐஸ் உருகும். எடை மாறாத பொருளாக ஒன்று வேண்டும். மனிதன்தான் வேண்டும். மாலைக்குள் ஆள் கிடைத்துவிட்டார். மனைவியின் தம்பி.

மைத்துனர் இரண்டு தெரு தள்ளி ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். அக்காவைப் போலவே நடுத்தர உயரம், அளவான உடம்பு. கடற்கரைக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்து, காலில் அலை படாமல் நாற்பத்தெட்டு வயதை எட்டியவர்.

"மாமா, எனக்கு நீச்சல் தெரியாது."

"உன்னை யாரு நீந்தச் சொன்னா? உக்காந்தா போதும்."

"வலை இழுக்கவும் தெரியாது."

"எதையும் தொடாதே. எடையா மட்டும் வா."

அக்காவுக்காக என்று கடைசியில் சொன்னதும் மைத்துனர் கடையை ஒருநாள் பூட்டச் சம்மதித்தார்.

காலையில் ஏலக் கொட்டகைத் தராசில் ஏற்றினார். அறுபத்து மூன்றரை.

"செருப்பைக் கழட்டு."

அறுபத்து மூன்று.

"சாவிக் கொத்தைக் கழட்டி வை. போனை எடு. பெல்ட்டைக் கழட்டு."

அறுபத்திரண்டு.

"காலைல ஏதாவது சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன் மாமா."

"அதான்," என்றார் படகுக்காரர் வருத்தத்தோடு. தராசுக்காரர் முகத்தைச் சுவர் பக்கம் வைத்துக்கொண்டு இருமினார். அந்த ஒரு கிலோவை விட்டுக்கொடுப்பது என்று முடிவாயிற்று.

பழைய புரொப்பல்லரே திரும்ப ஏறியது. டேங்க் பழைய இடத்துக்கு வந்தது. எல்லாம் அவள் இருந்தபோது இருந்தபடியே. முன்பலகையில் சரியாக அவள் உட்காரும் இடத்தில் சாக்பீஸால் கோடு கிழித்து, மைத்துனரை அதில் உட்காரவைத்தார்.

"இந்தக் கோட்டைத் தாண்டாதே. என்ன ஆனாலும் அசையாதே. நீ அசைஞ்சா கணக்கு போச்சு."

மைத்துனர் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

வாய்க்காலைத் தாண்டி வெளிக்கடலுக்கு வந்தார்கள். படகுக்காரர் முன்னால் பார்த்தார். பின்கழுத்தில் அவளுக்கு முடி சுழி போட்டு இறங்குகிற அதே இடம். வெயில் பட்டால் சிவக்கிற அதே காது. இத்தனை நாளாக இதைக் கவனித்ததே இல்லை. பார்வையை அலைக்கு மாற்றினார்.

முதல் அலையில் மூக்கு எழுந்தது. இரண்டாவதில் குத்தியது. மூன்றாவது பக்கவாட்டில் அடிக்க, படகு வலப்பக்கம் சாய்ந்து, நிமிர மனமில்லாமல் நிமிர்ந்தது. எடை சரி. இடம் சரி. புரொப்பல்லர் சரி. படகு மட்டும் போன வாரம் செய்ததையேதான் செய்தது.

மைத்துனருக்குக் குமட்டல் வந்தது. பக்கவாட்டில் குனியலாம். ஆனால் அசையக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. அவர் வாக்குத் தவறாமல் நேராக உட்கார்ந்தபடியே தன் சட்டையிலேயே வாந்தி எடுத்தார்.

"குனிஞ்சு எடுத்திருக்கலாமே மச்சான்."

"கணக்கு போயிடும்னு சொன்னீங்களே."

படகுக்காரர் இன்ஜினை அணைத்தார். வாளியில் தண்ணீர் மொண்டு மைத்துனரின் சட்டையைத் துடைத்துவிட்டார். மைத்துனர் கண்ணைத் திறந்து முதல்முறையாகக் கடலைச் சுற்றிப் பார்த்தார். கண் கலங்கியது, வாந்தியினால் மட்டும் இல்லை.

"இங்கேயா மாமா அக்கா இருபத்திரண்டு வருஷம் இருந்தா?"

"இங்கேதான்."

"எப்படி இருந்தா?"

நன்றாகத்தான் இருந்தாள் என்று சொல்ல வந்தார். அது அவருக்கு நிச்சயமாகத் தெரியுமா என்று அப்போது பார்த்து ஒரு சந்தேகம் வந்துவிட்டது. இன்ஜினைக் கிளப்பி, கைப்பிடியைத் திருப்பிக் கரைக்கு ஓட்டினார்.

அன்று சாயங்காலம் மகளுக்குத் தானே போன் செய்தார்.

"வந்துடறேன்மா."

"படகு?"

"அதுக்கு இனிமே வைத்தியம் இல்ல."

மகள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தார். அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் கேட்டது.

படகைக் கேட்டு வந்தது தொப்பிக்காரர்தான். அவருடைய படகு பழசாகி ஒழுக ஆரம்பித்திருந்தது. மாதத்தின் கடைசி ஞாயிறு காலை, இரண்டு பேரும் துறைமுகத்தில் நின்றார்கள். படகுக்காரர் வலை, நங்கூரம், வாளி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக ஒப்படைத்தார். சும்மா கிடந்த இரண்டு புரொப்பல்லரையும் துணியில் சுற்றிக் கொடுத்தார். பிறகு மனசு கேட்காமல், படகின் குறைகளை ஒன்று விடாமல் சொல்ல ஆரம்பித்தார். மூக்கு எழுவது, குத்துவது, பக்கவாட்டில் சாய்வது, மணல் மூட்டை, டேங்க், எல்லாம்.

"தெரிஞ்சே வாங்கறே. அப்புறம் என்மேல வருத்தப்படக் கூடாது," என்றார் படகுக்காரர். "எல்லாம் செஞ்சு பாத்துட்டேன். அவ எடைக்குச் சமமா ஆளையே உக்காரவெச்சுப் பாத்துட்டேன்."

"பாத்தேண்ணே. அன்னிக்கும் பின்னாடிதான் வந்தேன். ரொம்ப விறைப்பா உக்காந்திருந்தாரு."

"ஆணி அடிச்ச மாதிரி உக்காந்தான். அவனாவது சொன்ன பேச்சைக் கேட்டான்." படகுக்காரர் லேசாகச் சிரித்தார். நாலு மாதத்தில் முதல் சிரிப்பு. "உங்க அண்ணிக்கு ஒரு இடத்துல உக்காரவே தெரியாது. இந்தப் பக்கம் ஒரு கயிறை எடுப்பா, அந்தப் பக்கம் போய் ஒரு வாளியை நகர்த்துவா. ஒருநாள் பாக்கியில்லாம திட்டியிருக்கேன், அசையாம உக்காருன்னு. ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதில்ல. ஆனா அசையறதையும் விட்டதில்ல."

தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். சொல்லலாமா வேண்டாமா என்பது போலப் படகை ஒருமுறை பார்த்தார், இவரை ஒருமுறை பார்த்தார்.

"சொல்லேன்," என்றார் படகுக்காரர். "படகுக்கு என்னதான் ஆச்சுன்னு நீ நினைக்கறே?"

"படகுக்கு ஒண்ணும் ஆகலண்ணே. பதினெட்டு வருஷம் பின்னாடி வந்து பாத்தவன் சொல்றேன், ஒவ்வொரு அலையும் வந்து சேர்றதுக்குள்ள அண்ணி அந்தந்தப் பக்கம் நகர்ந்து உக்காந்திருப்பாங்க. இந்தப் படகை ஓட்டினது அவங்கதான், நீங்க இன்ஜினைப் புடிச்சுக்கிட்டிருந்தீங்க."